இயற்கை ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கை ஒயின் என்று பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் பிரான்சிலும் அதையொட்டிய நாடுகளிலும் இருக்கும் தமிழர்கள். திராட்சை அறுவடைக்குக் கூலிக்குப் போனவர்கள், கொல்லையில் நாலு கொடி வைத்திருப்பவர்கள், வாங்கிக் குடித்துப் பார்த்துக் குழம்பியவர்கள் எல்லாரும் இதில் உண்டு. கேள்விகளைக் கேட்டபடியே போட்டிருக்கிறோம். செய்முறை அளவுகள் 100 கிலோ சிவப்புத் திராட்சைக்கானவை.

1. இயற்கை ஒயின்னா என்ன? எல்லா ஒயினும் திராட்சையிலிருந்துதானே வருது?

திராட்சையோடு கூட வேறு என்னென்ன உள்ளே போகிறது என்பதில்தான் வித்தியாசம். பாக்கெட் ஈஸ்ட், என்சைம், துவர்ப்புக்கு டானின் தூள், புளிப்புக்கு டார்டாரிக் அமிலம், தெளிவுக்கு பென்டோனைட் களிமண், முட்டை வெள்ளை, மீன் பசை என்று பல டஜன் பொருட்களை ஐரோப்பிய ஒன்றிய விதிகள் அனுமதிக்கின்றன. இயற்கை ஒயின்காரர்கள் இவற்றில் எதையும் தொடுவதில்லை. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி இல்லாமல் விளைந்த திராட்சை, அதிலேயே இருக்கும் ஈஸ்ட், மிஞ்சினால் பாட்டிலில் அடைக்கும்போது துளி சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம்). அவ்வளவுதான் கணக்கு.

இன்று நாம் பார்க்கும் இயற்கை ஒயின் வளர்ந்தது பிரான்சின் போஜொலே பகுதியில். ஒயின் வியாபாரியும் வேதியியல் அறிந்தவருமான ஜூல் ஷோவே (1907–1989) சல்ஃபைட் இல்லாமல், சொந்த ஈஸ்டிலேயே நொதிக்க வைப்பதை முறையாக ஆராய்ந்தார். அதை மொர்கோன் கிராமத்தில் 1981 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மார்செல் லாப்பியேர். மைக்ராஸ்கோப்பும் வெப்பமானியும் வைத்து வேலை செய்தவர்கள் இவர்கள். "சும்மா விட்டுவிட்டால் போதும்" என்பது பிறகு வந்த கதை.

2. ஆர்கானிக் ஒயினும் இதுவும் ஒன்னுதானே?

இல்லை. ஆர்கானிக் முத்திரை முக்கியமாகத் தோட்டத்தைப் பற்றியது. ஒயின் தயாரிப்புக்கும் ஆர்கானிக் விதி 2012 அறுவடை முதல் உண்டு, ஆனால் அது தளர்வானது: பாக்கெட் ஈஸ்ட் போடலாம், வடிகட்டலாம், சர்க்கரை இல்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை மொத்த சல்ஃபைட் இருக்கலாம். சாதாரண சிவப்பு ஒயினுக்கு அந்த வரம்பு 150.

"இயற்கை ஒயின்" என்பதற்கு ஐரோப்பிய ஒன்றிய அளவில் சட்ட விளக்கம் இல்லை. பிரான்சில் மட்டும் 2020இல் "வான் மெத்தோட் நாத்துயூர்" என்ற பெயருக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. அதன்படி ஆர்கானிக் சான்று பெற்ற திராட்சையைக் கையால் பறிக்க வேண்டும், சொந்த ஈஸ்டில்தான் நொதிக்க வேண்டும், நொதிக்கும் முன்பும் நொதிக்கும்போதும் சல்ஃபைட் கூடாது. பிறகு சேர்த்தாலும் மொத்தம் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் தனித்தனி முத்திரை உண்டு. கடையில் முத்திரை இல்லாமல் "நேச்சுரல்" என்று மட்டும் எழுதியிருந்தால், தயாரிப்பாளரை நம்பித்தான் வாங்க வேண்டும்.

3. ஒண்டும் போடாமல் விட்டால் வினாகிரி ஆகிடாதோ?

காற்றுப் பட விட்டால் கண்டிப்பாக ஆகும். ஆல்கஹாலைக் காடியாக்கும் அசிட்டோபாக்டர் கிருமிக்கு ஆக்சிஜன் வேண்டும். நொதிக்கும் நாட்களில் கிளம்பும் கார்பன் டை ஆக்சைடே சாற்றுக்குப் போர்வை. ஆபத்தான இடங்கள் மூன்று: அழுகிய பழம், மேலே மிதந்து காயும் தோல், நொதித்து முடிந்த பிறகு பாத்திரத்தில் விடும் வெற்றிடம். பழ ஈக்கள் இந்தக் கிருமியைக் காலில் சுமந்து வரும் என்பதால் வாயை எப்போதும் நெருக்கமாக நெய்த துணியால் கட்டி வையுங்கள்.

ஆவியாகும் அமிலத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்ட வரம்பு, அசிட்டிக் அமிலக் கணக்கில், சிவப்புக்கு லிட்டருக்கு 1.2 கிராம், வெள்ளைக்கு 1.08. ஆனால் 0.7ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும். நெயில் பாலிஷ் வாடை வந்துவிட்டால் அதை எடுக்க இயற்கையான வழி எதுவும் கிடையாது. காடியாகவே முழுசாக மாற்றிக்கொள்வது மேல்.

4. ஈஸ்ட் போடாம எப்படிப் பொங்கும்? பழத்தைக் கழுவணுமா?

கழுவக் கூடாது. தோலில் பலவகை ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது. முதலில் கிளம்புவது ஹான்செனியாஸ்போரா போன்ற மெலிந்த இனங்கள். ஆல்கஹால் 4–6 சதவீதம் ஆனதும் அவை ஓய்ந்துவிடும். பிறகு சக்கரோமைசிஸ் செரிவிசியே மேலோங்கி மிச்சச் சர்க்கரையை முடிக்கும். தோட்டத்துப் பழத்தில் இந்த இரண்டாமவன் எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதுதான் சிக்கல்.

அதற்குத்தான் முன்கூட்டியே உறை தயார் செய்வது. அறுவடைக்கு 4–5 நாள் முன்பே தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து மொத்தம் 5–6 கிலோ நல்ல பழம் பறித்து, மூன்று ஜாடிகளில் தனித்தனியாக நசுக்கி, 22–25 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். தினமும் இரண்டு முறை கிளறுங்கள். சுத்தமான பழ மணத்தோடு வேகமாகப் பொங்கும் ஜாடியை வைத்துக்கொண்டு, காடி வாடையோ முட்டை வாடையோ அடிக்கும் ஜாடியைக் கொட்டிவிடுங்கள். சர்க்கரை பாதி இறங்கிய நிலையில், மொத்தச் சாற்றில் 3–5 சதவீதம் சேர்த்தால் போதும்.

5. சூப்பர்மார்க்கெட் திராட்சையில் செய்து பழகலாமா?

வேண்டாம். தூரத்திலிருந்து வரும் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க சல்ஃபர் டை ஆக்சைடு கசியும் தாள் வைத்திருப்பார்கள். தோலில் இருக்கும் ஈஸ்டுக்கு அதுவே எமன். தவிர, சாப்பிடும் திராட்சையில் புளிப்பும் டானினும் குறைவு, தண்ணீர் அதிகம். ஒயினைக் காப்பதே அந்த இரண்டும்தான். செப்டம்பரில் ஏதாவது ஆர்கானிக் தோட்டத்தில் கேட்டால் 100 கிலோ ஒயின் திராட்சை தரும் விவசாயிகள் உண்டு.

6. நம்ம ஊர் கம்பம் பன்னீர் திராட்சை?

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடும்பத் தேவைக்கு 0.1 ஹெக்டேர் வரை கொடி வைக்கத் தனி நடவு அனுமதி வேண்டாம். செய்ததை விற்பது வேறு கதை.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். மணம் அபாரம். ஆனால் வெக்கையில் புளிப்பு சீக்கிரம் இறங்கிவிடும், பருவத்துக்கு ஓய்வில்லாமல் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுப்பதால் பூஞ்சண மருந்தும் அடிக்கடி தேவைப்படும். எதையும் சேர்க்காத ஒயினுக்கு இரண்டும் எதிரிகள்.

7. எப்ப பறிக்கணும்? இனிப்பா இருந்தா போதாதா?

இனிப்பைவிடப் புளிப்பை அதிகம் பாருங்கள். சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 20–23 பிரிக்ஸ், புளிப்பைக் காட்டும் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.2 முதல் 3.5க்குள் இருக்கும்போது பறிப்பது நல்லது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஏறக்குறைய 1 சதவீத ஆல்கஹால் தரும். 24.5 பிரிக்ஸுக்கு மேல் போனால் சொந்த ஈஸ்ட் கடைசி வரை ஓடி முடிப்பது கஷ்டம்.

பி.எச். 3.7ஐத் தாண்டிய சாறு கிருமிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. சூடு கூடிக்கொண்டே போகும் இந்த ஆண்டுகளில் பலரும் ஒரு வாரம் முந்திப் பறிக்கிறார்கள். அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை பத்து நாள் முன்பே புளிப்பாகப் பறித்து நொதிக்க வைத்து, பிறகு கலக்கிறார்கள். அமிலத் தூள் வாங்காமல் புளிப்பைத் திருத்த இதைவிட நல்ல வழி இல்லை. நாலாம் கேள்வியில் சொன்ன உறையையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

8. மிக்சியில அடிச்சா வேலை சீக்கிரம் முடியுமே?

விதை உடையும். உடைந்த விதையின் கசப்பு எத்தனை வருடம் வைத்தாலும் போகாது. கையாலோ, நன்றாகக் கழுவிய காலாலோ மிதித்தால் பழம் பிளக்கும், விதை முழுசாக இருக்கும்.

9. என்னென்ன சாமான் வேணும்?

உணவுத் தரமுள்ள 150 லிட்டர் பீப்பாய், 54 லிட்டர் கண்ணாடிக் குடுவை ஒன்று, 5 லிட்டர் குடுவைகள் இரண்டு, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடி, அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, பி.எச். மீட்டர், இழுகுழாய், வாடகைக்கு ஒரு சிறிய அழுத்தும் பிரஸ். முதல் வருடம் மரப்பீப்பாய் வாங்காதீர்கள். பழைய மரத்துக்குள் எந்தக் கிருமி குடியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பணத்தை அங்கே மிச்சம் பிடித்துச் சுத்தத்தில் செலவிடுங்கள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு லிட்டருக்கு 10 கிராம் சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீர், அடுத்து சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீர், கடைசியாக மறுபடி வெறும் தண்ணீர். பிரான்சில் எல்லா வீட்டிலும் இருக்கும் ஜாவெல் தண்ணீரை (குளோரின் ப்ளீச்) ஒயின் அறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். குளோரினும் மரமும் பூஞ்சணமும் சேர்ந்தால் ஈர அட்டை வாடை உண்டாகும். அது சுவரில் ஏறினால் வருடக்கணக்கில் போகாது.

10. சரி, 100 கிலோவுக்கு முதல்ல இருந்து கடைசி வரை எப்படி?

காலைக் குளிரிலேயே பறித்து, 15 கிலோவுக்கு மேல் போகாத பெட்டிகளில் கொண்டுவாருங்கள். மேஜையில் பரப்பி, அழுகியதையும் காடி வாடை அடிப்பதையும் கத்தரித்து எறியுங்கள். மொத்த வேலையில் இந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடு வேறு எதுவும் இல்லை. சல்ஃபைட் போடாதவருக்கு ஒரு பெட்டி அழுகல் பழம் போதும், வருடமே வீண். காம்பு நீக்கி, மிதித்து, பீப்பாயில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, உறையைச் சேருங்கள். அடர்த்தி பெரும்பாலும் 1.090 வாக்கில் இருக்கும். சுமார் 12 சதவீத ஆல்கஹால் வரும் என்று பொருள். தினமும் காலை மாலை அடர்த்தியையும் வெப்பத்தையும் குறித்து வையுங்கள்.

இரண்டு மூன்று நாளில் தோலெல்லாம் மேலே எழும்பித் தொப்பி போல நிற்கும். அதைத் தினமும் இரண்டு முறை கீழே அமுக்கி நனையுங்கள். தொட்டால் மேல்தோல் வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து கருத்திருந்தால் நீங்கள் ஒரு வேளை தவறவிட்டுவிட்டீர்கள். வெப்பம் 22–28க்குள் இருக்கட்டும். அடர்த்தி 1.030க்கு வந்ததும் ஒரு முறை அமுக்கினால் போதும். 8–12 நாளில் 1.000க்குக் கீழே வரும்போது பிரஸ்ஸில் போட்டு மெதுவாகப் பிழியுங்கள். 60–65 லிட்டர் கிடைக்கும். பெரிய குடுவையைக் கழுத்து வரை நிரப்பி, மிச்சத்தை மேலூற்றுக்கு, அதாவது பெரிய குடுவையில் குறைவதை அவ்வப்போது நிரப்ப, சிறிய குடுவைகளில் வையுங்கள்.

18–20 டிகிரியில் விட்டு இரண்டாம் நொதிப்பு முடிந்ததும் (கேள்வி 14), அடர்ந்த வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் இழுகுழாயால் இறக்கி, 10–12 டிகிரி குளிரில் குளிர்காலம் முழுக்க வையுங்கள். வாரம் ஒரு முறை மேலூற்றுங்கள். மார்ச்சில் இன்னொரு முறை இறக்கி, ஏப்ரல் மே வாக்கில் பாட்டிலில் அடையுங்கள். வயதான போஜொலேக்காரர்கள் இதற்குத் தேய்பிறை பார்ப்பார்கள். அதை விட்டுவிடலாம். ஆனால் அவர்கள் தேடும் காற்றழுத்தம் கூடிய தெளிந்த நாளுக்குக் காரணம் உண்டு: ஒயினில் கரைந்த வாயு அன்று கிளம்பாது, வண்டலும் எழாது.

11. ஒரு பீப்பாய்தானே, நிலவறையில வச்சா என்ன ஆபத்து?

உயிராபத்து. ஒரு லிட்டர் சாறு முழுசாக நொதித்தால் 50 லிட்டர் அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 65 லிட்டருக்கு மூவாயிரம் லிட்டருக்கு மேல். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்ப்பது பழைய வழக்கம், நம்பாதீர்கள். தீ அணைவதற்கு முன்பே காற்று ஆபத்தாகியிருக்கும். கதவு திறந்த கார் கொட்டகையோ மேல்தள அறையோ நல்லது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் இன்னொருவர் அப்படியே இறங்கக் கூடாது. இரண்டாவது சாவு பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

12. போஜொலேயில முழுக் குலையா போடுறாங்களே, அது என்ன?

காம்போடு முழுக் குலைகளை மிதிக்காமல், கார்பன் டை ஆக்சைடு நிறைந்த மூடிய பாத்திரத்தில் வைப்பது. ஆக்சிஜன் இல்லாததால் பழம் தனக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கி, ஈஸ்ட் இல்லாமலே சுமார் 2 சதவீத ஆல்கஹால் வரை போகும். பழத்திலுள்ள மாலிக் அமிலப் புளிப்பும் குறையும். கமே ரகத்தில் இதனால் வரும் செர்ரிப் பழ வாசம்தான் அந்த ஊரின் அடையாளம். இயற்கை ஒயின்காரர்கள் பலர் குலைகளை முதலில் குளிரவைத்து, இரண்டு மூன்று வாரம் நிதானமாக விடுகிறார்கள்.

சிறிய அளவில் இது தோன்றுவதைவிடக் கடினம். அடியில் நசுங்கிய பழத்தின் சாறு தேங்கும். அங்கே சர்க்கரை மிச்சமிருக்க லாக்டிக் கிருமி முந்திக்கொண்டால் காடிப் புளிப்பு வந்துவிடும். அடிக் குழாயிலிருந்து தினமும் அரை டம்ளர் எடுத்து முகர்ந்து பாருங்கள். புளிச்ச வாடை தட்டினால் காத்திருக்காமல் பிழிந்துவிடுங்கள்.

13. மூணு நாளாச்சு, அசைவே இல்ல. இன்னொருத்தருக்கு பாதியில நின்னு போச்சாம். என்ன செய்யறது?

தொடங்காததற்குக் காரணம் பெரும்பாலும் குளிர். பீப்பாயைக் கம்பளியால் சுற்றி, சாற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூடான வெந்நீர்ப் பாட்டில்களை மூடி இறுக்கி உள்ளே மிதக்க விடலாம். உறை இல்லாமல் தொடங்கியிருந்தால் ஐந்தாம் நாள் வரை பொறுக்கலாம், அதற்கு மேல் மேற்பரப்பில் பூஞ்சணமும் காடியும் முந்திக்கொள்ளும்.

பாதியில் நின்றது வேறு நோய். அடர்த்தி 1.000க்கு மேலேயே மூன்று நாள் அசையாமல் இருந்தால் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரியைத் தாண்டிய சூடு, கூடுதல் சர்க்கரை, சாற்றில் நைட்ரஜன் பற்றாக்குறை ஆகியவை வழக்கமான காரணங்கள். நைட்ரஜன் குறைந்தால் முன்கூட்டியே அழுகிய முட்டை வாடை காட்டிக்கொடுக்கும். அந்த நேரத்தில் சாற்றை உயரத்திலிருந்து வேறு பாத்திரத்துக்குக் கொட்டிக் காற்றாட விட்டால் வாடையும் போகும், ஈஸ்டும் தெம்பாகும். நின்றுபோனதை 21 டிகிரிக்கு ஏற்றி, அடி வண்டலைக் கிளறி, அருகில் யாரிடமாவது நன்றாக முடிந்த ஒயினின் புது வண்டல் 3–4 லிட்டர் வாங்கிச் சேருங்கள். வெளியிலிருந்து ஒன்றும் சேர்க்கக் கூடாது என்பவர்களும் பக்கத்துத் தோட்டத்து வண்டலை ஏற்றுக்கொள்வார்கள்.

14. நொதிச்சு முடிஞ்ச ஒயின் மறுபடி குமிழ் விடுதே, கெட்டுப் போச்சா?

கெடவில்லை. மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் ஓனோகாக்கஸ் ஓனி கிருமியின் வேலை அது. 18 டிகிரிக்குக் கீழே இழுத்துக்கொண்டே போகும், சில வருடம் வசந்த காலம் வரை. சல்ஃபைட் இல்லாத ஒயினில் இதை முடிக்காமல் அடைத்தால் பாட்டிலுக்குள் முடியும். மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக்கு எளிய சோதனை இல்லை. ஊர் ஒயின் ஆய்வகத்தில் மாலிக் அமிலமும் மிச்சச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு மாலிக் 0.3 கிராமுக்கும் சர்க்கரை 2 கிராமுக்கும் கீழே இருந்தால் அடைக்கலாம்.

ஹைட்ரோமீட்டர் 0.995 காட்டுகிறதே என்று இதைத் தவிர்க்காதீர்கள். ஆல்கஹால் அடர்த்தியை இறக்கிவிடுவதால் ஒளிந்திருக்கும் 5–6 கிராம் சர்க்கரை அதில் தெரியாது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை பாட்டிலுக்குள் சுமார் 1 பார் அழுத்தம் தரும். சாதாரணப் பாட்டில் இதற்குச் செய்ததல்ல.

15. அப்ப பெட்நா எப்படிச் செய்றாங்கள்?

அதே ஆபத்தைக் கணக்கோடு செய்வதுதான் பெட்நா, பாட்டிலுக்குள்ளேயே நொதித்து முடிந்து நுரைக்கும் ஒயின். லிட்டருக்கு 12–16 கிராம் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே அடைத்தால் 3–4 பார் வரும். ஷாம்பெய்ன் வகைக் கனப் பாட்டிலும் கிரவுன் மூடியும் கட்டாயம். மிச்சச் சர்க்கரையை ஆய்வக அளவில் தெரிந்துகொள்ளாமல் அடைத்தால் கையில் இருப்பது வெடிகுண்டு.

16. சல்பைட் போடுறதாலதானோ தலையிடி வருகுது? அப்ப ஏன் சிலர் இன்னும் போடுகினம்?

தலையிடிக்கு சல்ஃபைட்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் பலவீனம். உலர்ந்த ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அதைத் தின்று யாரும் தலையைப் பிடிப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குத்தான் சல்ஃபைட் உண்மையான பிரச்சினை. ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, கிருமி அதிகம் வேலை செய்த இயற்கை ஒயின் கூடுதலாகவே தொல்லை தரலாம். ஈஸ்டே தானாகக் கொஞ்சம் சல்ஃபைட் உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் "சல்ஃபைட் உண்டு" என்று எழுதியாக வேண்டும். எனவே ஒன்றும் சேர்க்காத பாட்டிலிலும் அந்த வரியைப் பார்க்கலாம்.

சுத்தமான பழமும் 3.3க்குக் கீழே பி.எச்.சும் இருந்தால் சல்ஃபைட் இல்லாமல் போகலாம். கோடையில் தூரம் அனுப்புவதாக இருந்தால் அடைக்கும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம் போடுவதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. 60 லிட்டருக்கு 2.1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். அதன் எடையில் 57 சதவீதம்தான் சல்ஃபர் டை ஆக்சைடு. போன வருடத்துத் திறந்த பாக்கெட் வேண்டாம், வீரியம் போயிருக்கும். பி.எச். கூடக் கூட அதே அளவு பலனும் குறையும்: 3.2இல் 20 மில்லிகிராம் செய்யும் காவலுக்கு 3.6இல் 50 வேண்டும், 3.8இல் 80. இந்த எண்கள் பிணையாமல் சும்மா இருக்கும் சல்ஃபைட்டுக்கானவை. சேர்ப்பதில் ஒரு பகுதி ஒயினில் பிணைந்துவிடும். ஏழாம் கேள்வியில் புளிப்பை அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகத்தான்.

17. முகர்ந்தா ஒன்னும் இல்ல, விழுங்கின பிறகு எலிக்கூண்டு மாதிரி ஒரு நாத்தம். கற்பனையா?

கற்பனை இல்லை. சல்ஃபைட் இல்லாத ஒயினின் பெரிய நோய் இதுதான். சில லாக்டிக் கிருமிகளும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்டும் உண்டாக்கும் பொருட்கள், ஒயினின் புளிப்பில் ஆவியாகாது. உமிழ்நீர் புளிப்பைத் தணித்ததும் பத்து இருபது விநாடி கழித்துக் கிளம்பும். சிலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் தயாரிப்பாளரே உணராமல் விற்றுவிடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் கால் டம்ளர் ஒயினில் சிட்டிகை சமையல் சோடா போட்டு முகர்ந்து பாருங்கள், இருந்தால் உடனே தெரியும்.

கடைசி இறக்கத்தின்போதோ பாட்டிலில் அடைக்கும்போதோ படும் காற்று இதைத் தூண்டும். எனவே அடைப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு டம்ளரை இரண்டு நாள் திறந்து வைத்துச் சுவைத்துப் பாருங்கள். அதில் வந்தால் அடைக்காமல், குடுவையை நிரப்பி அடுத்த வசந்தம் வரை பொறுங்கள். சிலவற்றில் மறையும். மறையாததை "இதுதான் இயற்கையின் குணம்" என்று விற்பதை எங்களால் ஏற்க முடியாது.

18. கலங்கலா இருக்கு. எண்ணெய் மாதிரி வழியுது. வடிகட்டணுமா?

கலங்கல் நோயல்ல, மெல்லிய வண்டல். குளிரும் நேரமும் படிய வைக்கும். எண்ணெய் போல நூலாக வழிவது பீடியோகாக்கஸ் கிருமியின் வேலை. பார்க்கத்தான் அருவருப்பு, சுவைக்குப் பெரிய கேடு இல்லை. வேகமாகக் கொட்டி இறக்கி, சில மாதம் விட்டால் பெரும்பாலும் சரியாகும்.

19. ஜோர்ஜியாவில் மண்ணுக்குள் தாழி புதைத்துச் செய்கிறார்களே, அதுதான் உண்மையான இயற்கை முறையா?

பழமையானது என்பதில் ஐயமில்லை. கடாச்ரிலி கோரா என்ற இடத்து மண்பாண்டத் துண்டுகளில் கி.மு. 6000 வாக்கிலான ஒயின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வு வெளியானது. க்வெவ்ரி எனப்படும் இந்தத் தாழி முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கழுத்து வரை புதைத்த தாழியைச் சுற்றிய மண்ணே குளிர்சாதனம், மின்சாரம் தேவையில்லை. ககேதி பகுதியில் ற்காட்சிதெலி போன்ற வெள்ளைத் திராட்சையைத் தோல், விதை, முற்றிய காம்போடு 5–6 மாதம் விடுகிறார்கள். அதிலிருந்து இறங்கும் டானின்தான் சல்ஃபைட்டுக்குப் பதிலாக நிற்கிறது. கூம்பிய அடியில் விதைகள் முதலில் இறங்கி, மேலே வண்டல் மூடிக்கொள்வதால் கசப்பு அதிகம் ஏறாது.

ஆனால் வேலை குறைவு என்று நினைக்காதீர்கள். உட்புறத் தேன்மெழுகுப் பூச்சு ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் அங்கே கிருமி தங்கும். பெரிய தாழியைக் கழுவ ஆளே உள்ளே இறங்க வேண்டும். பதினொன்றாம் கேள்வியில் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

20. மருந்தே அடிக்காம திராட்சை வளர்க்க முடியுமா? ஆர்கானிக்காரங்களும் தாமிரம் அடிக்கிறாங்களாமே?

அடிக்கிறார்கள். 1870களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்த அடிச்சாம்பல் நோய்க்கு, 1885இல் தாவரவியலாளர் மில்லார்தே அறிவித்த போர்டோ கலவைதான், அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும், இன்றும் ஆர்கானிக் தோட்டங்களின் முக்கிய ஆயுதம். தாமிரம் மண்ணில் சிதையாது. சேர்ந்துகொண்டே போய் மண்புழுவையும் நுண்ணுயிரையும் பாதிக்கும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ, சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. 2021 போல மழை விடாத வருடத்தில் அது பலருக்குப் போதவில்லை.

குறைக்கும் வழிகள் தோட்டத்தில் உண்டு. பூப்புக்குப் பின் குலைகளைச் சுற்றிய இலையைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுப்பது, ஒரே பெரிய அளவுக்குப் பதில் மழைக்கு முன் ஹெக்டேருக்கு 200–300 கிராம் தாமிரம் என்று சிறுகச் சிறுக அடிப்பது, செந்தட்டிக் கஷாயம் கலப்பது. உண்மையான மாற்றம் ரகத்தில்தான் இருக்கிறது. சுவினியே கிரி, சொலாரிஸ், ரெஜென்ட் போன்ற நோய் தாங்கும் ரகங்களுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று தெளிப்பு போதும். பழைய ரகத்தைவிட மட்டம் என்று மூக்கைச் சுளிப்பவர்கள், தங்கள் டிராக்டர் பத்துப் பதினைந்து முறை ஓடி இறுக்கும் மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

21. சல்ஃபைட் போடலைன்னா சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

சல்ஃபைட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. ஒயினின் கார்பன் கணக்கில் பெரும்பாலும் முதலிடம் கண்ணாடிப் பாட்டிலுக்கு. 900 கிராம் பாட்டிலில் அடைத்து மெழுகு முத்திரை குத்திய "இயற்கை" ஒயினைவிட, 400 கிராம் பாட்டிலில் வரும் சாதாரண ஆர்கானிக் ஒயின் பூமிக்குச் செய்யும் கேடு குறைவு. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பாட்டில் அதைவிட மேல். லேபிளுக்குத் தண்ணீரில் கரையும் பசை போட்டால்தான் அது நடக்கும்.

அடுத்தது தண்ணீர். கழுவுவதற்கு முன் தோலையும் வண்டலையும் துடைப்பத்தால் வாரி எடுத்துவிட்டால் செலவு பாதியாகும். வண்டல் கலந்த தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். அதைச் சிதைக்கும் கிருமிகள் ஓடையின் ஆக்சிஜனைத் தின்றுவிட்டு மீனைக் கொல்லும். பிழிந்த திப்பியை அப்படியே கொடிக்கு அடியில் கொட்டுவதும் தவறு, புளிப்பு அதிகம். வைக்கோலும் சாணமும் கலந்து குவித்து, மாதம் ஒரு முறை புரட்டி, ஆறேழு மாதம் மக்கவிட்டுப் போடுங்கள்.

22. செய்ததை எவ்வளவு காலம் வைக்கலாம்?

14 டிகிரிக்குக் கீழே, இருட்டில் வைத்தால் சல்ஃபைட் இல்லாத கமே இரண்டு மூன்று வருடம் தாராளமாக நிற்கும். புளிப்பும் டானினும் நல்லதாக இருந்தால் இன்னும் கூட. கோடையில் காரின் பின்பெட்டியில் ஒரு மதியம் வைத்தால் பாட்டிலுக்குள் தூங்கும் கிருமிகள் எழுந்துவிடும், அதனால் ஆகஸ்டில் பார்சல் அனுப்பாதீர்கள். திறந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள், அதுவும் பதினேழாம் கேள்வி நோய் இல்லாவிட்டால்.